ஒரு சீசனை எப்படி எடை போடுவது? சூப்பர் ஹீரோ, மாயாஜால அனிமேஷன் தொடர்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி அனிமேஷன் தொடர்கள் பார்க்கிறோம். பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர் பக்கமிருந்தெல்லாம் தம்பி தங்கைகள் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, அந்த ரெண்டாவது சீசன் எப்படி?" அதையே திருப்பி அவர்களிடம் கேட்டால் "செம" என்றோ "மொக்கை" என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எது செம என்று இன்னொரு தடவை கேட்டால் சண்டைக் காட்சி ஒன்றைச் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த சீசனையும் நான் மூன்று விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன். அது என்ன கேள்வியை எழுப்புகிறது? அதற்குத் தானே வகுத்த விதிகளுக்குள் நின்று பதில் சொல்கிறதா? அந்தப் பதிலுக்காக அதன் மனிதர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? படத்தின் அழகு, இசை, குரல் எல்லாம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவை இந்த மூன்றுக்கும் அடுத்தபடிதான்.

கீழே சில தொடர்களின் முடிவுகளை வெளிப்படையாகப் பேசியிருக்கிறேன். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்', 'தி லெஜண்ட் ஆஃப் கோரா', 'இன்வின்சிபிள்', 'ஆர்கேன்' ஆகியவற்றை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அவற்றை முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது.

1. உட்காரும் முன் ஜாதகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எத்தனை எபிசோடு, எந்த வருடம், வாரம் ஒன்றாக வந்ததா மொத்தமாக வந்ததா, எந்த வயதினருக்காக எடுத்தது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் முதல் எபிசோடைப் போட வேண்டும்.

'யங் ஜஸ்டிஸ்' முதல் சீசன் 26 எபிசோடு. 'இன்வின்சிபிள்' முதல் சீசன் வெறும் 8. இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்கக் கூடாது. ஆடுதுறை 43 நெல் போட்ட குறுவை 110 நாள் பயிர், சி.ஆர். 1009 போட்ட சம்பா 155 நாளைத் தாண்டும். நூறாவது நாளில் சம்பா வயலில் போய் நின்றுகொண்டு "இன்னும் அறுப்புக்கு வரலையே" என்று நம் பக்கத்தில் யாரும் குறைப்பட மாட்டார்கள். இருபத்தாறு எபிசோடு உள்ள சீசன் நின்று நிதானித்து ஒரு பக்கப் பாத்திரத்துக்கே ஒரு முழு எபிசோடைக் கொடுக்கலாம். எட்டே எபிசோடு உள்ள சீசனில் அது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு காட்சியும் இரண்டு வேலை செய்தாக வேண்டும்.

எப்படி வெளியானது என்பதும் முக்கியம். 'இன்வின்சிபிள்' இரண்டாவது சீசனின் முதல் 4 எபிசோடுகள் 2023 நவம்பரில் தொடங்கி வந்தன. மீதி 4 எபிசோடுகளுக்கு 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பார்த்தவர்களுக்கு நடுவில் கதை தொங்கியதுபோல் தெரிந்தது. இன்று ஒரே மூச்சில் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தொங்கல் அவ்வளவாகத் தெரியாது. அதனால் அந்த நேரத்துக் கருத்துகளை அப்படியே வாங்கி உங்கள் கருத்தாகச் சொல்லாதீர்கள்.

வயது விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் வீடுகளில் "பொம்மைப் படம்தானே, புள்ளைங்க பாக்கட்டும்" என்று அப்பாயிகள் பேரப் பிள்ளைகளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். 'இன்வின்சிபிள்' முதல் எபிசோடு பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன் கதை மாதிரியே போகும். கடைசிச் சில நிமிடங்களில் மண்டை உடைந்து, குடல் சரிந்து, திரை முழுக்க ரத்தமாகிவிடும். 'ஆர்கேன்' தொடரும் பெரியவர்களுக்கானதுதான். தொடரின் வயதுக் குறிப்பைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. முதல் இரண்டு எபிசோடில் கேள்வியைப் பிடியுங்கள்

இரண்டாவது எபிசோடு முடிந்ததும் நிறுத்திவிட்டு ஒரே வரியில் எழுதுங்கள்: இந்த சீசன் எதற்குப் பதில் சொல்வதாக நமக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது?

'அவதார்' முதல் சீசனில் (2005) ஆங் என்ற சிறுவன் நூறு வருடம் பனிக்குள் கிடந்து வெளியே வருகிறான். உலகம் போரில் கிடக்கிறது. அந்த உலகத்தில் நீர், மண், நெருப்பு, காற்றை அசைத்து ஆள்வதைத்தான் வித்தை என்கிறேன். நீர் வித்தை கற்க அவன் வட துருவம் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்வானா, கற்பானா என்பதுதான் அந்த சீசனின் கேள்வி. 20 எபிசோடில் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. போரை நடத்தும் நெருப்பு நாட்டு அரசனை வெல்வானா என்ற பெரிய கேள்வி மூன்று சீசனுக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று முதல் சீசனுக்கு மார்க் குறைக்கக் கூடாது.

'இன்வின்சிபிள்' முதல் சீசன் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான வேலை. முதல் எபிசோடின் முடிவில் உலகத்தின் தலைசிறந்த வீரர்களை ஆம்னி-மேன் கொன்றுவிடுகிறான். யார் கொன்றது என்பது நமக்குத் தெரியும், அவன் மகன் மார்க்குக்குத் தெரியாது. ஆகவே "யார்" என்பது கேள்வியாகவே இல்லை. ஏன் செய்தான், தெரிய வரும்போது மகன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதுதான் கேள்வி. நடுவில் செவ்வாய் கிரகம், கல்லூரி வளாகம் என்று எங்கெங்கோ போனாலும் எட்டாவது எபிசோடில் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நிற்கும்போது, இத்தனை வாரமும் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நம்மை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று உறைக்கும்.

ஐந்தாவது எபிசோடு வரைக்கும் அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியவில்லையென்றால், அதையும் எழுதிவையுங்கள். அதுவே ஒரு மதிப்பீடு.

3. விதிகளுக்குத் தனிப் பக்கம்

மந்திரமும் சக்தியும் உள்ள கதையில் எதுவும் நடக்கலாம். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை, பார்க்கிறவனுக்குப் பதைப்பே இருக்காது. அதனால்தான் நல்ல தொடர்கள் முதலிலேயே எல்லை போடுகின்றன.

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கதை தெரியும். மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை என்று இரணியன் வரம் வாங்குகிறான். அந்தியில், வாசற்படியில், நரசிங்கம் வந்து அவனை முடிக்கிறது. ஒரு விதியைக்கூட மீறவில்லை. எல்லாம் வரத்திலேயே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் வரும் தீர்வு தொடக்கத்திலேயே நம் கண்முன் கிடந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதை வைத்து 'அவதார்' தொடரையே அளந்து பாருங்கள். இரண்டாவது சீசனில் டாஃப் என்ற பார்வையற்ற சிறுமி காலடி அதிர்வால் மண்ணை உணர்ந்து உலகத்தை அறிகிறாள். மண் வித்தைக்காரர்களால் உலோகத்தை அசைக்க முடியாது என்று நம்பி அவளை இரும்புப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். அவளோ பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து, இரும்புக்குள்ளும் மண் துகள்கள் இருப்பதைக் கண்டுபிடித்துப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வருகிறாள். புதிய சக்திதான், ஆனால் பழைய விதிக்குள்ளிருந்தே பிறந்தது. அந்த இடத்தில் எழுந்து கைதட்டலாம்.

அதே தொடரின் கடைசிக் கட்டத்தில் (2008) ஆங் அரசனைக் கொல்ல மாட்டேன் என்கிறான். என்ன செய்வான் என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது, கடலில் மிதக்கும் ஒரு சிங்க ஆமை வந்து பிறர் சக்தியைப் பறிக்கும் வித்தையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆமையைப் பற்றி முன்பே ஜாடையாகக் காட்டியிருக்கிறார்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாடை போதாது என்பது என் கட்சி. ஆமையைக் காட்டினார்கள், அந்த வித்தை உண்டு என்பதைக் காட்டவில்லை. தொடர் எனக்கு உயிர். இருந்தாலும் மூன்றாவது சீசனுக்கு அந்த ஒரு இடத்தில் மார்க் குறைக்கத்தான் வேண்டும்.

4. விலை திருப்பிக் கொடுக்கப்பட்டதா?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் கவனிக்காத படி இது. ஒரு பாத்திரம் எதை இழந்தது, இழந்தது இழந்ததாகவே இருந்ததா என்று பாருங்கள்.

'அவதார்' கதையின் தொடர்ச்சியான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' இதற்கு நல்ல பாடம், ஏனென்றால் ஒரே தொடருக்குள்ளேயே இரண்டு விதமும் இருக்கிறது. முதல் சீசனில் (2012) ஆமான் என்பவன் வித்தைக்காரர்களின் சக்தியைப் பறிக்கிறான். நாயகி கோராவின் சக்தியும் போகிறது, காற்று வித்தை மட்டும் மிஞ்சுகிறது. அவள் பாறை விளிம்பில் நின்று அழும் காட்சி மனதைப் பிசைகிறது. அடுத்த நிமிடமே முந்தைய அவதாரமான ஆங் தோன்றி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 12 எபிசோடாகச் சேர்த்த பயம் கரைந்துவிடுகிறது. முதலில் இதை ஒற்றை சீசன் கதையாகத்தான் திட்டமிட்டார்கள் என்பது அந்த அவசரத்துக்குக் காரணம் சொல்லும். மார்க் போடும்போது காரணம் வேறு, விளைவு வேறு.

மூன்றாவது சீசனின் (2014) முடிவைப் பாருங்கள். ஸாஹீர் கூட்டம் கோராவின் உடம்பில் பாதரச நஞ்சை ஏற்றுகிறது. அவள் உயிர் தப்புகிறாள், வெற்றியும் கிடைக்கிறது. கடைசிக் காட்சியில் ஊரே கூடி விழா எடுக்கிறது. கோரா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கேமரா அவள் முகத்துக்கு நெருங்கும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்குகிறது, அது ஆனந்தக் கண்ணீர் இல்லை. நான்காவது சீசன் மூன்று வருடம் கழித்துத் தொடங்குகிறது. அப்போதும் அவள் பழைய கோராவாக ஆகிவிடவில்லை. நடக்கப் பழகியது, பயந்தது, ஊர் ஊராக ஒளிந்து திரிந்தது எல்லாவற்றையும் காட்ட ஒரு முழு எபிசோடை ஒதுக்கியிருக்கிறார்கள். சூப்பர் ஹீரோ கதையில் ஒரு காயத்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்த சீசன்கள் குறைவு. அதனால்தான் மூன்றையும் நான்கையும் முதல் சீசனுக்கு மேலே வைக்கிறேன்.

5. ஒரே ஒரு பாத்திரத்துக்குக் கணக்கு எழுதுங்கள்

எல்லோரையும் பின்தொடர வேண்டாம், ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மூன்று பத்தி கிழித்து, என்ன வேண்டும் என்கிறார், என்ன செய்கிறார், அதனால் என்ன மாறியது என்று எபிசோடுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

'அவதார்' தொடரில் ஆங்கைத் துரத்தும் நெருப்பு அரசனின் மகன் ஸூக்கோவுக்கு எழுதிப் பாருங்கள். முதல் சீசன் முழுக்க முதல் பத்தியில் ஒரே விஷயம்தான்: அப்பாவிடம் இழந்த மானம் திரும்ப வேண்டும். 12-வது எபிசோடில் முகத்துத் தழும்பின் கதை தெரிய வருகிறது. நீங்கள் எழுதியிருந்த வில்லன் வேலைகள் அத்தனைக்கும் அர்த்தம் மாறிவிடுகிறது. இரண்டாவது சீசனில் மாமா ஐரோவோடு தேநீர்க் கடையில் வேலை பார்த்து மனிதனாகிக்கொண்டே வருகிறான். கடைசி எபிசோடில் நல்ல பக்கம் வந்துவிடுவான் என்று நாம் நினைக்கும்போது தங்கையோடு சேர்ந்து மாமாவைக் கைவிடுகிறான். இத்தனை எபிசோடு எழுதிய கணக்கைத் திரும்பப் படித்தால் அது சரியாகவே இருக்கும். முதல் பத்தியில் அவன் கேட்டது ஒருநாளும் மாறவே இல்லை. அந்தத் தோல்விதான் இரண்டாவது சீசனை மூன்றிலும் உயர்ந்ததாக ஆக்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

கணக்கில் மூன்றாவது பத்தி காலியாகவே போய்க்கொண்டிருந்தால் அந்தப் பாத்திரம் சண்டைக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

6. இட்டுநிரப்பிய எபிசோடு எது?

"இது ஃபில்லர், தாண்டிப் போ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 'அவதார்' இரண்டாவது சீசனின் 15-வது எபிசோடு பெரிய கதையைப் பெரிதாக நகர்த்தவே இல்லை. நகரத்தில் ஆளுக்கொரு குட்டிக் கதை. அதில் ஐரோ நாள் முழுக்கத் தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கு உதவிவிட்டு, மாலையில் ஒரு குன்றின் மேல் மரத்தடியில் இறந்த மகனின் படத்தை வைத்துப் பாடுகிறார், பாட்டு நடுவில் உடைகிறது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006-இல் இறந்தார். அந்தப் பகுதியை அவருக்கே அர்ப்பணித்திருக்கிறார்கள். ஐந்து எபிசோடு கழித்து ஸூக்கோ அவரைக் கைவிடும்போது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்று யோசியுங்கள். அந்த எபிசோடைத் தாண்டியவர்களுக்கு அது பாதிதான் வலிக்கும்.

முதல் சீசனில் இரண்டு கூட்டங்கள் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கும்போது சண்டை போடும் எபிசோடு ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டால் எந்தப் பாத்திரத்தின் கணக்கிலும் ஒரு வரி குறையாது. இட்டுநிரப்பல் என்றால் அதுதான்.

7. கண்ணும் காதும்

ஒரு சண்டைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், அடி எங்கிருந்து வந்தது என்று புரிந்தால் படம் நன்றாக வரையப்பட்டிருக்கிறது. 'அவதார்' தொடரில் நீர் வித்தைக்குத் தாய் சி, மண்ணுக்கு ஹங் கார் என்று வெவ்வேறு சீனத் தற்காப்புக் கலைகளை அடிப்படையாக வைத்திருப்பதால், நிறமே இல்லாமல் நிழலாகக் காட்டினாலும் யார் எந்த வித்தைக்காரர் என்று சொல்லிவிடலாம்.

அசைவு வழுக்கிக்கொண்டு போவது மட்டும் அழகல்ல. 'தி டிராகன் பிரின்ஸ்' முதல் சீசனில் (2018) அசைவுகள் வெட்டி வெட்டி வருகின்றன என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள், இரண்டாவது சீசனில் அதைச் சரிசெய்தார்கள். 1992-இல் வந்த 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரில் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள், இருட்டு முதலிலேயே இருந்தது, வெளிச்சத்தைத்தான் வண்ணமாகச் சேர்த்தார்கள். இன்றும் அந்த நகரம் அச்சமூட்டுகிறது. இப்படிப்பட்ட இருண்ட படங்களை டேட்டா மிச்சம் பிடிக்கும் அமைப்பில் போனில் பார்த்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒரு எபிசோடையாவது வைஃபை உள்ள இடத்தில் நல்ல தரத்தில் இறக்கி, டிவியில் பார்த்த பிறகு வரைகலையைப் பற்றிப் பேசுங்கள்.

தமிழ் டப்பிங்கில் பார்த்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். சுட்டி டிவியில் 'ஜாக்கி சான்' தொடரைத் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறை டெல்டா முழுக்க இருக்கிறது. அந்தக் குரல்கள்தான் நமக்கு அந்தத் தொடர். டப்பிங் குரலுக்குப் போகவேண்டிய பாராட்டை மூல எழுத்தாளருக்குக் கொடுக்காதீர்கள், மொழிபெயர்ப்பில் தட்டுகிற வசனத்துக்கு அவரைத் திட்டவும் வேண்டாம்.

8. எடுத்தவர்கள் கையில் இல்லாதவை

'கோரா' நான்காவது சீசனில் பழைய காட்சிகளைத் தொகுத்த ஒரு எபிசோடு வரும். பட்ஜெட்டை வெட்டியதால் அப்படிச் செய்ய வேண்டியதாயிற்று. 'யங் ஜஸ்டிஸ்' இரண்டாவது சீசன் 2013-இல் பல முடிச்சுகளை அவிழ்க்காமலே முடிந்தது. தொடரை நிறுத்திவிட்டார்கள், மூன்றாவது சீசன் 2019-இல்தான் வந்தது. இதையெல்லாம் மதிப்பீட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஆனால் பார்க்கும் அனுபவத்தில் இருந்த குறையை அந்த வரி அழித்துவிடாது.

9. முடிவும் மார்க்கும்

கடைசி எபிசோடு முடிந்த சூட்டில் மார்க் போட வேண்டாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, முதலில் எழுதிய அந்த ஒரு வரிக் கேள்வியை எடுத்துப் பாருங்கள்.

'ஆர்கேன்' இரண்டாவது சீசனை (2024) இந்த வழியில் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. பாரிஸின் ஃபோர்டிஷ் ஸ்டூடியோ வரைந்த ஒவ்வொரு சட்டகமும் கண்ணை விட்டு அகலாது. முதல் சீசன் (2021) எழுப்பிய கேள்வி, மேல் நகரமும் கீழ் நகரமும் ஒன்றையொன்று என்ன செய்துகொள்ளப் போகின்றன, அதற்கு நடுவில் இரண்டு சகோதரிகள் என்ன ஆவார்கள் என்பது. இரண்டாவது சீசன் 9 எபிசோடுக்குள் படையெடுப்பு, ரகசியக் கூட்டம், உலகத்தையே விழுங்க வரும் மாயசக்தி என்று அடுக்கியதில் இரண்டு நகரங்களின் வழக்கு தீர்ப்பு இல்லாமலே ஒத்திப்போடப்பட்டது. அழகுக்கு முழு மார்க், கேள்விக்குப் பாதி. இப்படிப் பிரித்துச் சொன்னால், அதை நேசிக்கிறவரும் வெறுக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச முடியும்.

பத்துக்கு 7.8, 8.3 என்று புள்ளி வைக்காதீர்கள். அந்தத் துல்லியம் பொய். கேள்வி, விதி, விலை மூன்றுக்கும் தலா ஒரு வாக்கியம், கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வாக்கியம், பிறகு யாருக்குச் சிபாரிசு செய்வீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், சின்ன வயதில் பார்த்த ஒன்றிலிருந்து. 'ஜாக்கி சான்' முதல் சீசன் 13 எபிசோடுதான். 12 மந்திரக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி, மந்திரத்தை மந்திரத்தால்தான் வெல்ல முடியும் என்ற விதி. மூன்றாவது படியைப் பழக அது தோதான இடம். அடுத்து 'அவதார்' மூன்று சீசனையும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பொங்கல் விடுமுறையில் மொத்தமாக உட்கார்ந்தால் மூன்றும் மனதில் ஒன்றாகக் கலந்துவிடும், தனித்தனியாக எடை போட முடியாது. ஸூக்கோவின் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டாவது சீசன்தான் உயர்ந்தது என்ற என் கட்சியை மறுக்க உங்களிடம் காரணம் இருந்தால், அதையும் எழுதிக் கொண்டு வாருங்கள்.